ஐஸ் பெட்டிக்குள் முகம்

மாநாட்டுக்குப் போகிறேன் என்றதும் எங்கள் வாடியில் வேலை செய்கிறவர்கள் சிரித்தார்கள். மந்திரிமார் போவார்கள், குருமார் போவார்கள், மீன் நிறுக்கிறவளுக்கு என்ன மாநாடு என்று கேட்டார்கள். நெஞ்சு பிழையாக அடிக்கிறவர்களுக்கான மாநாடு என்றேன். "அப்ப நீங்கதான் அக்கா தலைவி" என்றான் ஒருத்தன். அதை நான் பகிடியாக எடுக்கவில்லை. உண்மையைச் சொன்னால், எனக்கும் மனதுக்குள் அப்படித்தான் இருந்தது.

எங்கள் வாடி தலவிலைக்கு வடக்கே, கடலைப் பார்த்தபடி இருக்கிறது. வாடி என்றால் பெரிய கட்டிடம் ஒன்றுமில்லை. தகரக் கூரை, சீமெந்துத் தரை, ஒரு தராசு, ஆள் படுக்கக்கூடிய நீளத்தில் நாலு ஐஸ் பெட்டி. கரைக்கு வருகிற படகுகளிடம் மீனை வாங்கி, நிறுத்து, ஐஸ் போட்டு, கொழும்பு லொறியில் ஏற்றிவிடுவது என் வேலை. கணவர் இறந்த மறுவருடம் தொடங்கினேன். பொம்பிளை ஆளுக்கு இது சரிவராது என்று சொன்னவர்கள் இப்போது என்னிடம்தான் மீன் கொண்டுவருகிறார்கள்.

நெஞ்சுக் கதை எனக்கு நாற்பது வயதில் தொடங்கியது. முன்னறிவிப்பு கிடையாது. மீனைத் தராசில் வைத்துக்கொண்டிருப்பேன், திடீரென்று நெஞ்சு பிய்த்துக்கொண்டு ஓடும். கழுத்து நரம்பு துடிப்பது எதிரில் நிற்கிறவருக்கே தெரியும். கால் மணித்தியாலம், அரை மணித்தியாலம், ஒருதரம் ஒன்றரை மணித்தியாலம் ஓடியது. பிறகு சுவிட்சை அணைத்ததுபோல் நிற்கும். ஊரில் அதற்குப் பல பெயர் வைத்தார்கள். பயம் என்றார்கள், கண்ணூறு என்றார்கள். புருஷன் இல்லாதவளுக்கு வருகிற யோசனை என்று ஒரு மாமி சொன்னாள். அவளுக்கு நான் கொடுத்த பதிலை இங்கே எழுத முடியாது. தலவிலைக் கோயிலில் மாதாவின் தாய் அன்னம்மாவுக்கு நேர்த்திக்கடனும் வைத்தேன், அதையும் மறைக்கவில்லை. அன்னம்மா உடனே ஒன்றும் செய்யவில்லை. கொஞ்சம் பொறுத்து ஒரு பாரைமீனை அனுப்பிவைத்தா.

அந்தப் பாரை ஐஸ் பெட்டியின் அடியில் கிடந்தது. அதை இழுக்கக் குனிந்த நேரத்தில்தான் நெஞ்சு ஓடத் தொடங்கியது. கை வழுக்கி, உருகின ஐஸ் தண்ணீருக்குள் காது வரைக்கும் முகம் போய்விட்டது. மூச்சு அடைத்தது. உள்ளே ஒரு இடி இடித்தது. தலையைத் தூக்கிப் பார்க்கிறேன், நெஞ்சு ஆளில்லாத வீடு மாதிரி அமைதியாக இருக்கிறது. மூக்கில் செதில் ஒட்டியிருந்தது. அதைத் துடைத்துவிட்டுப் பாரையை நிறுத்தேன்.

அடுத்த தரம் வேண்டுமென்றே செய்து பார்த்தேன், நின்றது. அதற்கடுத்த தரமும் நின்றது. கிளினிக்கில் எனக்கு இன்ன வருத்தம் என்று ஒரு பெயர் சொல்லிக் குளிசை எழுதித் தந்தார்கள், அதையும் ஒழுங்காகப் போட்டேன். ஆனால் ஐஸ் பெட்டி விஷயத்தைப் பற்றி அங்கே வாய் திறக்கவில்லை. சொன்னால் என்னிடமிருந்து அதைப் பறித்துவிடுவார்கள் என்று எனக்கு ஒரு எண்ணம். ஊரில் மட்டும் வஞ்சகமில்லாமல் சொன்னேன். நெஞ்சு படபடக்கிறது என்று எவர் வந்தாலும் பெட்டி மூடியைத் திறந்துவிடுவேன். பள்ளிவாசல்துறையிலிருந்துகூட ஒரு உம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்து முகத்தை வைத்துவிட்டுப் போனா. நல்ல சுகம் என்று மறுநாள் மகளையும் கூட்டிக்கொண்டு வந்தா. பிள்ளைகள் எனக்கு ஐஸ் டொக்டர் என்று பெயர் வைத்தார்கள். நானும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

மகனுக்கும் செய்தேன். எனக்கு அவன் ஒருத்தன்தான், அப்போது இருபத்துநாலு வயது. சிலிண்டரை முதுகில் கட்டிக்கொண்டு கடலுக்குள் இறங்கிச் சங்கும் கடலட்டையும் எடுப்பது அவன் தொழில். மாநாட்டுக்கு இரண்டு கிழமைக்கு முன்னர், லொறி அவசரத்தில் பெட்டிகளைத் தூக்கி ஓடியோடி ஏற்றினவன் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். "நெஞ்சு ஒரு மாதிரி அடிக்குதும்மா" என்றான். நான் விடுவேனா. பிடரியைப் பிடித்து முகத்தை ஐஸ் தண்ணீருக்குள் அமுக்கினேன். இரண்டு நொடியில் உடம்பு தளர்ந்து, பெட்டியின் விளிம்பில் தொங்கினான். இழுத்துத் தரையில் கிடத்தினோம். முகம் சாம்பலாகப் போயிருந்தது. எண்ணி ஒரு நிமிஷம் இருக்காது, கண்ணைத் திறந்தான். கையை நெஞ்சில் வைத்துப் பார்த்தேன், சீராக அடித்தது.

"பாத்தியா, நிண்டிட்டுது" என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன். காலையில் ஒன்றும் சாப்பிடாமல் வந்ததால் மயங்கிவிட்டான் என்று அவனுக்கு ஏச்சும் விழுந்தது. அதற்கு முன்னர் ஒருதரம் படகைக் கரைக்கு ஏற்றும்போதும் அப்படி விழுந்திருக்கிறான். அதற்கும் சாப்பாட்டைத்தான் குற்றம் சொன்னேன்.

அவனுடைய தகப்பனைப் பற்றியும் இங்கே சொல்லத்தான் வேண்டும். சொல்லப்போனால் எனக்குக் கோபம் வரும், அந்தக் காலத்தில் வந்தது அதைவிடக் கூட. பதினாறு வருடத்துக்கு முன்னர், காற்றில்லாத ஒரு காலையில், கரையிலிருந்து கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில், என்ஜின் காற்றாடியில் சுற்றின கயிற்றை எடுக்கக் குதித்தவர் மேலே வரவில்லை. எங்கள் துறையில் அவரைப்போல நீந்தத் தெரிந்த ஆள் கிடையாது. அப்படிப்பட்டவர் கழுத்தளவு தண்ணீரில் எப்படி மூழ்குவார்? படகில் வெறும் சாராயப் போத்தல் ஒன்று கிடந்தது. ஊருக்கு அது போதும், எனக்கும் அது போதுமாக இருந்தது. மரண விசாரணையில் நீரில் மூழ்கினார் என்று எழுதினார்கள். குடித்திருந்தாரா என்று எவரும் கேட்கவில்லை. அதை நாங்களே முடிவு செய்துகொண்டோம்.

அவர் முன்னர் நன்றாகக் குடிக்கிறவர். அந்த வருடத் திருவிழாவில், தலவிலையில், மகனின் தலையில் கைவைத்து இனிக் குடிக்கமாட்டேன் என்று அன்னம்மாவுக்குச் சொன்னார். நாலு மாதம் தொடவில்லை. கடைசி நாளுக்கு முதல்நாள் எனக்கும் அவருக்கும் ஏதோ ஒரு சின்ன விஷயத்தில் சண்டை. என்ன விஷயம் என்றுகூட இப்போது ஞாபகமில்லை. விடிய நான் எழும்பினபோது அடுப்பில் கேத்தல் சூடாக இருந்தது, ஆள் போய்விட்டிருந்தார். என்னோடு கதைக்காமலே போனார். சண்டைக் கோபத்தில் சத்தியத்தை முறித்துக் குடித்தார், பிள்ளையின் தலையில் வைத்த சத்தியத்தை முறித்ததால் கடல் எடுத்தது என்று என் மனதில் எழுதிக்கொண்டேன். மகனுக்கும் அப்படியே சொல்லி வளர்த்தேன். அவன் ஒரு துளி தொடமாட்டான். அதில் எனக்குப் பெருமை வேறு.

நவம்பரில் ஆத்துமாக்கள் திருநாளுக்கு எங்கள் ஆட்கள் எல்லாரும் சேமக்காலைக்குப் போய்க் கல்லறைகளில் மெழுகுதிரி கொளுத்துவார்கள். நானும் கொளுத்துவேன். கொளுத்திவிட்டு அவரைத் திட்டுவேன், மனதுக்குள் இல்லை, வாய்விட்டு. "பிள்ளையை நினைச்சீங்களா, என்னை நினைச்சீங்களா, போத்தலைத்தானே நினைச்சீங்க" என்று பக்கத்துக் கல்லறைக்காரருக்கும் கேட்கத்தக்கதாகச் சொல்வேன். வருடம் தவறாமல் சொன்னதால் அது அந்தத் திருநாளில் ஒரு செபம் மாதிரி ஆகிவிட்டது. என்னுடையது முடிந்த பிறகுதான் பக்கத்தில் இருப்பவர்கள் தங்கள் செபமாலையை எடுப்பார்கள்.

மாநாடு ஒரு சனிக்கிழமை, சிலாபத்தில். கிளினிக்கில் ஒரு துண்டுக் காகிதம் தந்திருந்தார்கள். இதயத்தின் அடிப்பு ஒழுங்கில்லாதவர்கள் வரலாம், வைத்தியர்கள் கதைப்பார்கள், கேள்வி கேட்கலாம் என்று மூன்று பாஷையிலும் போட்டிருந்தது. கேள்வி கேட்கலாம் என்ற இடம் எனக்குப் பிடித்தது. அன்று காலை மகனும் கடலுக்கு வெளிக்கிட்டான். அவனுக்குப் பால் விடாத பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தேன், சாராயப் போத்தலில்தான். எங்கள் கரையில் எல்லாரும் அப்படித்தான் கொண்டுபோவார்கள். அந்தப் போத்தல் நல்ல கனம், மூடியும் இறுக்கம், படகில் உருண்டாலும் உடையாது. மூடியைத் திருகி அவன் பைக்குள் வைத்துவிட்டுப் பாலாவிக்கு பஸ் ஏறி, அங்கிருந்து சிலாபத்துக்குப் போனேன்.

மண்டபத்தில் கதிரைகளுக்கெல்லாம் வெள்ளை உறை போட்டு, பின்பக்கம் நீல ரிப்பன் கட்டியிருந்தார்கள். வாசலில் ஒரு பிள்ளை என் பெயரை எழுதிச் சட்டையில் குத்திவிட்டது. இரண்டு கைப்பிடி அளவில் ஒரு பிளாஸ்ரிக் இதயத்தை மேசையில் வைத்திருந்தார்கள். வந்தவர்கள் எல்லாரும் அதைக் கழற்றிப் பூட்டிப் பார்த்தார்கள். என் பக்கத்துக் கதிரையில் புத்தளத்து முஸ்லிம் பெரியவர் ஒருவர். முன்னர் உப்பு லொறி வைத்திருந்தவராம். இடது நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்து எட்டு மாதம். அந்தக் கையை உடம்போடு ஒட்டவைத்து, வலது கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"கை நோகுதா நானா?" என்று கேட்டேன். முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கம் நானா என்றுதான் கூப்பிடுவோம்.

"நோவில்ல தங்கச்சி. தூக்கினா வயர் கழண்டிரும் எண்டு பயம்."

"எட்டு மாசமா?"

"எட்டு மாசமா. சட்டை போட்டு விடுறதும் பொஞ்சாதிதான்."

நான் சிரித்துவிட்டேன். அவரும் கோபிக்கவில்லை. உங்களுக்கு என்ன என்று அவர் கேட்க, என் நெஞ்சின் கதையையும் ஐஸ் பெட்டியின் கதையையும் சொன்னேன். அவர் கண்ணை விரித்துக்கொண்டு கேட்டார். "இத மேடையில செல்லணும் நீங்க" என்றார். சொல்லத்தானே வந்திருக்கிறேன்.

கதைத்தவர் ஒரு பெண் வைத்தியர், ஐம்பது வயதுக்குள் இருக்கும். சிங்களத்தில் சொல்லச் சொல்ல ஒரு தாதி தமிழில் சொன்னாள். எனக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு, லொறிக்காரரோடு வருடக்கணக்காகச் சண்டை பிடித்துப் பழகினது. ஆகவே ஒவ்வொன்றையும் இரண்டுதரம் கேட்டேன். இதயத்துக்குள் மின்சாரம் ஓடுகிற பாதையைப் படத்தில் காட்டினார். சிலருக்குப் பிறவியிலேயே ஒரு குறுக்குப் பாதை இருக்கும், மின்சாரம் அதில் சுற்றத் தொடங்கினால் நெஞ்சு ஓடும் என்றார். அது நான்தான் என்று எனக்கு உடனே விளங்கியது. பயமும் இல்லை, கண்ணூறும் இல்லை, குறுக்குப் பாதை. அந்த மாமியைக் கூட்டிக்கொண்டு வந்திருக்க வேண்டும் என்று நினைத்தேன்.

கேள்வி நேரம் வந்ததும் முதல் கை என்னுடையது. மைக்கை வாங்கிச் சிங்களத்திலேயே சொன்னேன். பாரைமீன், ஐஸ் தண்ணீர், உள்ளே இடித்த இடி, மூக்கில் ஒட்டின செதில், ஒன்றும் விடவில்லை. மண்டபம் சிரித்தது. வைத்தியரும் சிரித்தார். பிறகு, "இந்த அம்மா சொன்னது சரி" என்றார். குளிர்ந்த தண்ணீர் முகத்தில் பட்டால் ஒரு நரம்பு இதயத்தை மட்டுப்படுத்தும், இவருடைய வகை வருத்தத்துக்கு வைத்தியசாலையிலும் இதைச் செய்வதுண்டு, இவர் தானாகவே கண்டுபிடித்திருக்கிறார் என்றார். கைதட்டினார்கள். நானா ஒரு கையால் தொடையில் தட்டினார். என் வாழ்க்கையில் எனக்காகக் கைதட்டினது அதுதான் முதல்தரம். மைக்கைத் திருப்பிக் கொடுக்க மனம் வரவில்லை.

"வேற ஆருக்கும் இப்பிடிச் செய்து பாத்தீங்களா?" என்று வைத்தியர் கேட்டார்.

"ஊர் முழுக்க" என்றேன். "என்ட மகனுக்கும் செய்தன்."

"மகனுக்கும் உங்கட வருத்தமா?"

"தெரியாது டொக்டர். பெட்டி தூக்கினவன், நெஞ்சு அடிக்குது எண்டான். அமுக்கினன். மயங்கி விழுந்து எழும்பினான். பிறகு அடிப்பு இல்ல."

மண்டபம் மறுபடியும் சிரித்தது. வைத்தியர் சிரிக்கவில்லை. மைக்கை மேசையில் வைத்துவிட்டுப் படியிறங்கி என் கதிரைக்கு முன்னால் வந்து நின்றார். தாதியைத் தேநீர் கொடுக்கச் சொல்லிக் கையைக் காட்டினார். எல்லாரும் எழும்பினார்கள். அவர் எனக்கு மட்டும் கேட்கத்தக்கதாகக் கேட்கத் தொடங்கினார். மகனுக்கு என்ன வயது? முந்தியும் விழுந்திருக்கிறானா? ஓடும்போதா, சும்மா இருக்கும்போதா? சொன்னேன். படகு ஏற்றும்போது விழுந்ததையும் சொன்னேன்.

"குடும்பத்தில ஆரும் சின்ன வயசில திடீரெண்டு செத்திருக்கிறாங்களா?"

"இல்ல. இவன்ட தகப்பன் மட்டும் முப்பத்தெட்டில. ஆனா அது வருத்தமில்ல டொக்டர், குடிச்சிட்டு மூழ்கினவர்."

"நீந்தத் தெரியாதா?"

"அவரை மாதிரி நீந்திற ஆள் எங்கட பக்கத்தில இல்ல."

"ஆழமா?"

"கழுத்தளவு."

அவர் ஒரு கதிரையை இழுத்து என் முன்னால் உட்கார்ந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். இதயம் ஒவ்வொரு அடிக்குப் பிறகும் அடுத்த அடிக்குத் தயாராக வேண்டும். சிலருக்கு அப்படித் தயாராகிற நேரம் பிறவியிலேயே நீளம். வெளியில் ஒன்றும் தெரியாது, நல்ல திடமான ஆட்கள். ஓடும்போது, நீந்தும்போது, குளிர்ந்த தண்ணீர் முகத்தில் படும்போது, அவர்களில் சிலருடைய இதயம் ஒரேயடியாகக் குழம்பிவிடும். வெளியில் என்றால் மயங்கி விழுந்து எழும்புவார்கள், தண்ணீருக்குள் என்றால் எழும்பமாட்டார்கள். தாயிடமிருந்தோ தகப்பனிடமிருந்தோ பிள்ளைக்கு வரும். "உங்கட மகனுக்கு இருக்கு எண்டு நான் சொல்லல்ல. ஈசீஜி எடுத்துப் பாக்கும் வரைக்கும் தண்ணிக்குள்ள இறங்க வேண்டாம். மகன் இப்ப எங்க?"

"கடல்ல" என்றேன். "சங்கு எடுக்க."

அவர் என் தோளைத் தொட்டு, "உடனே எடுங்க" என்றார். ஃபோன் என் கையில்தான் இருந்தது. பிடரியைப் பிடித்து அமுக்கினது இந்தக் கைதான் என்பது மட்டும் திரும்பத் திரும்ப வந்தது.

வெளியே வேப்பமரத்தடியில் நின்று எடுத்தேன். மகனின் ஃபோன் அடித்து அடித்து நின்றது. படகோட்டியின் நம்பருக்கு எடுத்தேன். அவன் எங்கள் பக்கத்து வீட்டுப் பொடியன், மகனின் கூட்டாளி.

"அவன் எங்க?"

"கீழ அக்கா. இப்பதான் இறங்கினவன்."

"மேல எடு."

"எப்பிடி எடுக்கிற? கயிறு இல்ல. அவனா வந்தாத்தான்."

"குமிழி வருதா?"

"ஓம், வருது."

"குமிழியைப் பாத்துக்கொண்டிரு. ஃபோனை வெட்டாத. குமிழி நிண்டா நீ குதி."

அவன் ஏன் என்று கேட்கவில்லை. என் குரலில் ஏதோ இருந்திருக்க வேண்டும். ஃபோனுக்குள் படகின் பக்கத்தில் தண்ணீர் அடிக்கிற சத்தம் கேட்டது. "வருது அக்கா" என்று இடைக்கிடை சொன்னான். மண்டபத்துக்குள் கோப்பைகள் மோதுகிற சத்தமும் சிரிப்புச் சத்தமும் கேட்டன. வெயில் மரத்தைத் தாண்டி என் தலையில் விழுந்தது. உப்பு லொறி நானா வெளியே வந்து என் பக்கத்தில் நின்றார். என்ன என்று கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் என் முகத்தில் நிழல் விழுந்தது. மாநாட்டில் தந்த காகிதக் கோவையை என் தலைக்கு மேலே உயர்த்திப் பிடித்திருந்தார், இடது கையால். அவருக்கே அது தெரிந்ததோ தெரியாது. நானும் சொல்லவில்லை.

அந்த நேரத்தில்தான் போத்தல் ஞாபகம் வந்தது. காலையில் நான் மூடி திருகின போத்தல். அது இப்போது அந்தப் படகில் பாதி குடித்தபடி உருண்டுகொண்டிருக்கும். இவன் மேலே வராவிட்டால், அதையும் எவராவது தூக்கிக் காட்டுவார்கள். தூக்கிக் காட்டினால் ஊர் என்ன சொல்லும் என்று எனக்குத் தெரியும், அந்த ஊரில் நானும் ஒருத்திதானே. பிறகு அடுப்பில் சூடாக இருந்த கேத்தல் ஞாபகம் வந்தது. சாராயம் குடிக்கப் போகிறவன் விடியப்புறம் எதற்குத் தேத்தண்ணிக்குக் கேத்தல் வைக்கிறான்? பதினாறு வருடம் அந்தக் கேத்தலைத் தெரிந்து வைத்துக்கொண்டே நான் ஒருதரம்கூட அதைக் கேட்கவில்லை.

"அக்கா, வந்திட்டான்" என்றது ஃபோன்.

மகன் மூச்சு வாங்கிக்கொண்டு ஃபோனில் கதைத்தான்.

"என்னம்மா? ஆருக்கு என்ன?"

"ஒருத்தருக்கும் ஒண்டுமில்ல. நீ படகில ஏறு. கரைக்கு வா."

"இன்னும் ஒரு சிலிண்டர் இருக்கு. முடிச்சிட்டு வாறன்."

"வேணாம். உன்ட நெஞ்சில பிழை இருக்கலாம் எண்டு டொக்டர் சொல்றா. தண்ணிக்குள்ள மயங்கினா அவ்வளவுதான். ஏறு."

"அம்மா, உங்களுக்கு நெஞ்சு ஓடினா எல்லாருக்கும் ஓடுமா? நான் நல்லா இருக்கிறன். அண்டைக்குச் சாப்பிடாம விழுந்தனான் எண்டு நீங்கதானே சொன்னீங்க."

"நான் சொன்னது பிழை."

"சும்மா இருங்கம்மா. நான் என்ன அப்பா மாதிரிக் குடிச்சிட்டா இறங்கிறன்?"

அதை அவனுக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். வசனம்கூட என்னுடையதுதான், கல்லறையில் வருடாவருடம் கேட்டுக் கேட்டுப் பாடமாக்கியிருக்கிறான்.

"அப்பாவும் குடிச்சிருக்கல்ல" என்றேன்.

ஃபோனில் தண்ணீர் மட்டும் அடித்தது.

"ஆர் சொன்ன?"

"நான் சொல்றன். அந்தப் போத்தல்ல இருந்தது பிளேன்டீ. அவருக்கும் உனக்கிருக்கிற நெஞ்சுதான் இருந்திருக்கு. கழுத்தளவு தண்ணியில போனவர். நீ இப்ப எவ்வளவு தண்ணியில நிக்கிறாய்?"

என்னிடம் ஆதாரம் ஒன்றும் இல்லை. பதினாறு வருடம் ஆதாரமில்லாமல் ஒன்றைச் சொன்னவள், மற்றதையும் ஆதாரமில்லாமல்தான் சொன்னேன். ஆனால் எனக்கு அதில் ஒரு துளி சந்தேகமும் இருக்கவில்லை. பிறகு சிலிண்டர் படகின் தட்டில் விழுகிற சத்தம் கேட்டது. "என்ஜினை எடு" என்று அவன் கூட்டாளிக்குச் சொன்னது எனக்கும் கேட்டது.

நானாவிடம் திரும்பி, "ஏறிட்டான்" என்றேன். "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். அப்போதுதான் தன்னுடைய கையைப் பார்த்தார். மேலே நின்ற கையை மெல்ல இறக்கி, நெஞ்சைத் தடவிப் பார்த்தார். ஒன்றும் கழலவில்லை. "பொஞ்சாதிக்கு இதச் செல்லிராதீங்க தங்கச்சி" என்றார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. இரண்டையும் அங்கேயே முடித்துக்கொண்டு உள்ளே போய் மீன் அடைத்த மாலுபாண் ஒன்றை எடுத்துச் சாப்பிட்டேன். மிச்சப் பேச்சுகளையும் இருந்து கேட்டேன். பாதியில் எழும்பிப் போகிற பழக்கம் எனக்கில்லை.

திங்கட்கிழமை அவனை வைத்தியசாலைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். முதலில் சும்மா படுக்கவைத்து ஈசீஜி எடுத்தார்கள், பிறகு நடக்கவைத்து எடுத்தார்கள். அதே வைத்தியர் காகிதத்தை மேசையில் விரித்து, சின்ன அடிமட்டம் ஒன்றால் அளந்தார், பக்கத்தில் என்னுடையதையும் வைத்து அளந்தார். அடுத்த அடிக்குத் தயாராகிற இடைவெளி மகனுக்கு நீளம், என்னுடையது சரியான அளவு. அவனுக்குத் தினமும் போட ஒரு குளிசை. எந்தெந்த மருந்து அவன் எடுக்கக்கூடாது என்று ஒரு காகிதமும் தந்தார். கடலுக்குள் இறங்குவது இனி இல்லை. தகப்பனின் சகோதரங்களையும் பிள்ளைகளையும் கூட்டிவரச் சொன்னார்.

"அப்ப அது அவரிட்ட இருந்து வந்ததுதானே டொக்டர்?" என்று கேட்டேன்.

"செத்தவருக்கு ஈசீஜி எடுக்க ஏலாதம்மா. நிச்சயமாச் சொல்ல மாட்டன். ஆனா அப்பிடி இருந்திருக்கலாம்."

இருந்திருக்கலாம் என்பது அவருடைய கணக்கு. என்னுடைய கணக்கு வேறு.

மகன் மூன்று மாதம் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. கடலைப் பறித்ததற்கா, தகப்பனை அத்தனை வருடம் பறித்து வைத்திருந்ததற்கா என்று நான் கேட்கவில்லை. இரண்டுக்கும் அவனுக்கு உரிமை இருந்தது. பிறகு ஒருநாள் தானாகவே வாடிக்கு வந்து தராசுக்குப் பக்கத்தில் நின்றான். இப்போது லொறிக் கதையெல்லாம் அவன்தான் பார்க்கிறான். என்னைவிட நன்றாகச் சண்டை பிடிக்கிறான். ஐஸ் பெட்டியில் முகம் வைக்க வருகிறவர்களை, முதலில் கிளினிக்குக்குப் போய் ஈசீஜி எடுத்துக்கொண்டு வாருங்கள் என்று நானே திருப்பி அனுப்புகிறேன். பள்ளிவாசல்துறை உம்மாவுக்கு அதில் கொஞ்சம் மனவருத்தம்.

அந்த வருட ஆத்துமாக்கள் திருநாளுக்கு இரண்டு பேரும் சேமக்காலைக்குப் போனோம். காற்று பலமாக இருந்தது. அவன் பிளாஸ்ரிக் போத்தலை வெட்டி மெழுகுதிரிக்கு மறைப்பு வைத்தான். பக்கத்துக் கல்லறைக்காரர் செபமாலையைக் கையில் வைத்துக்கொண்டு, என்னுடையது முடியட்டும் என்று வழக்கம்போலப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வீட்டில் வைத்துத் தனியாகச் சொல்லிவிடலாம் என்று வழியில் நினைத்ததுண்டு. ஆனால் எல்லாருக்கும் கேட்கத் திட்டினவள் எல்லாருக்கும் கேட்கத்தானே சொல்ல வேண்டும்.

"நீங்க அண்டைக்குக் குடிச்சிருக்கல்ல" என்றேன், வழக்கமான அதே சத்தத்தில். "சத்தியத்தை முறிக்கல்ல. நான்தான் பிழையாச் சொல்லித் திரிஞ்சன். உங்கட மகனுக்கும் சொன்னன், ஊருக்கும் சொன்னன். இனி அப்பிடி ஒருத்தரும் சொல்லப்படாது."

யாரும் செபமாலையைத் தொடங்கவில்லை. காற்றில் ஒரு திரி அணைந்தது. மகன் குனிந்து, கையால் மறைத்து, அதை மறுபடி கொளுத்தினான். நான் அவர் கல்லறையோரமாக மண்ணில் உட்கார்ந்து, அவர் போன அன்று காலை அடுப்பில் கேத்தல் சூடாக இருந்ததையும் சொன்னேன்.